கார்புரேட்டரைக் கழற்றும் முன்: பழைய புல்லட்டில் கோளாறு தேடும் முறை

பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஊரில் முதலில் கழற்றப்படுவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். இதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, இரண்டு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளை) ஊதினால் ஏதோ வேலை பார்த்த திருப்தி கிடைக்கும். ஊதி மாட்டியதும் வண்டி பல சமயம் ஸ்டார்ட்டும் ஆகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் சூடேறிக் கிடந்த இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்சுருள்) ஆறியிருக்கும், அதனால்தான் ஸ்டார்ட் ஆனது. ஆனால் பெயர் கார்புரேட்டருக்குப் போய்விடும். பத்து பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி மறுபடி நிற்கும், கார்புரேட்டர் மறுபடி கழற்றப்படும்.

ஸ்பானர் பிடிக்க யாரும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்ற வரிசைதான் பிடிபட நாளாகும். அது பிடிபட்டுவிட்டால் பாதிக் கோளாறுகளை ஸ்பானரே எடுக்காமல் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே பேசப்போவது காஸ்ட் அயர்ன் புல்லட்டைப் பற்றி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், 70 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சி.சி., 18 குதிரைத்திறன். வடிவம் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊருடையது. இந்திய ராணுவம் இந்த வண்டியை வாங்கத் தொடங்கியதையொட்டி, மெட்ராஸ் மோட்டார்ஸும், ராயல் என்ஃபீல்ட் வண்டிகளைச் செய்த ரெடிட்ச் கம்பெனியும் கைகோத்து 1955-ல் என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் உதிரிகளைப் பூட்டினார்கள், அப்புறம் எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். ரெடிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ அதே எஞ்சின் அடிப்படை மாறாமல் இன்னும் நாற்பது வருஷம் வந்துகொண்டிருந்தது. 2008, 2009 வாக்கில், எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யு.சி.இ. எஞ்சின் வந்த பிறகுதான் அதன் காலம் முடிந்தது.

இந்த வரலாறு கோளாறு பார்ப்பதற்கும் தேவைப்படுகிறது. 1940-களின் கடைசியில் வரையப்பட்ட எஞ்சின் இது. உரிமையாளரே கையைக் கறையாக்கிக்கொள்வார் என்று எடுத்துக்கொண்டுதான் அந்தக் காலத்தில் வண்டி செய்தார்கள். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டும் வேலைகூட அன்றைய கையேடுகளில் உரிமையாளர் செய்யும் வேலையாகத்தான் இருக்கும். பாகங்கள் தேயும், தேய்ந்ததை ஈடுகட்ட ஒரு திருகு வைப்போம் என்பது அவர்கள் கணக்கு. பாயின்ட் கேப் (காயிலின் கரண்டை மூடித் திறக்கும் முனைகளின் இடைவெளி), டைமிங் (பொறி விழும் நேரம்), டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்), கிளட்ச், பிரைமரி செயின், பின் செயின், பிரேக், கேபிள், கார்புரேட்டர் ஏர் ஸ்க்ரூ எல்லாமே திருகி அட்ஜஸ்ட் செய்யும்படிதான் இருக்கின்றன. புதிய வண்டிகளில் இவற்றில் பெரும்பாலானவை காணாமல் போய்விட்டன.

திருகக்கூடிய இடம் என்றால் தப்பாகத் திருகக்கூடிய இடமும்தான். முப்பது வருஷம் ஓடிய வண்டி எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை பேர் அதில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி, சீட்டுக்கு அடியில் டேப் சுற்றிய ஏழெட்டு இணைப்பு, வேறு வண்டியின் காயில், எவரோ பெரிசாக்கிவிட்ட ஜெட். வயதான வண்டி என்று நாம் சலித்துக்கொள்ளும் கோளாறுகளில் கணிசமானவை முன்னால் தொட்ட கைகள் விட்டுப்போனவை என்பது என் எண்ணம். அதனால் இந்த வண்டியில் எதையாவது மாற்றுவதற்கு முன், இப்போது எப்படி இருக்கிறது என்று அளந்து குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபோனில் ஒரு படம் எடுத்தாலும் போதும்.

மரைகளே இதற்கு நல்ல சாட்சி. இங்கிலாந்து வடிவம் என்பதால் எஞ்சினில் பல இடங்களில் இன்ச் மரை: விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை எனப்படும் இன்ச்சுக்கு 26 புரி. பிற்காலத்தில் அங்கங்கே மி.மீ. மரையும் நுழைந்தது. ஒரே வண்டியில் இரண்டும் கலந்திருக்கும். மி.மீ. ஸ்பானரை இன்ச் நட்டில் போட்டால் கிட்டத்தட்டப் பொருந்தும், அழுத்தித் திருகினால் முனை மழுங்கும். மழுங்கிய நட்டுக்கு அடுத்த ஆள் பைப் ரெஞ்ச் போடுவார், அதற்கடுத்த ஆள் உளியும் சுத்தியும் எடுப்பார். மரைக்குப் பொருந்தாத போல்ட்டை முறுக்கி ஏற்றினாலோ அலுமினிய கேசிங்கின் மரை மொத்தமாக உரிந்து வந்துவிடும். விட்வொர்த் ஸ்பானர் ஒரு செட்டும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபில்லர் கேஜ் ஒன்றும்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். குரோம் கார்டு, புது சைலன்சர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குத் தேவை மூன்று: சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதிய கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம். மூன்றையும் எதையும் பிரிக்காமலே சோதிக்கலாம். கம்ப்ரஷனுக்குக் கிக்கர் போதும். டிகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு) தொடாமல் கிக்கரின் மேல் மெதுவாக உடம்பின் கனத்தை வைத்தால், நல்ல எஞ்சின் சில வினாடியாவது தாங்கி நிற்கும். மெத்தையில் கால் வைத்த மாதிரி உடனே இறங்கினால் காற்று எங்கோ கசிகிறது. உடனே ரிங் போச்சு, வால்வு போச்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் டிகம்ப்ரசர் கேபிளைப் பாருங்கள். கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் அந்தச் சின்ன வால்வு எப்போதும் மயிரிழை திறந்தே நிற்கும். அதன் அடியில் கரித்துகள் மாட்டியிருந்தாலும் இதே கதைதான். கிக்கரை அழுத்தும்போது 'புஸ்' சத்தம் டிகம்ப்ரசர் பக்கம் கேட்டால் ஹெட்டைக் கழற்றும் செலவு மிச்சம்.

பெட்ரோலுக்கு பிளக்கே சாட்சி. ஐந்தாறு கிக் அடித்த பிறகு பிளக்கைக் கழற்றினால், காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் வந்திருக்கிறது, எரியத்தான் இல்லை. தீப்பொறிக்கு, கழற்றிய பிளக்கைத் தொப்பியோடு மாட்டி, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி வைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து, கிக் அடிக்க வேண்டும். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும் என்பதால் தள்ளிப் பிடிப்பது கட்டாயம். நீல நிறத்தில் தடிமனாக, 'டிக்' சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பொறி வெளிக்காற்றில் எப்படியோ பாயும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பாயாது.

புல்லட்காரர்களுக்கு இதற்கும் முன்னால் ஒரு வசதி இருக்கிறது. ஹெட்லைட் தலையில் உட்கார்ந்து, பேட்டரிக்குக் கரண்ட் போவதையும் வருவதையும் முள்ளால் காட்டும் ஆம்ப் மீட்டர். அழகுக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். ரெஸ்டோர் செய்கிறேன் என்று வயரைத் துண்டித்துவிட்டு வெறும் முகத்தை மட்டும் விட்டுவைப்பவர்களும் உண்டு. காயில் இக்னிஷன் உள்ள புல்லட்டில் அந்த முள்தான் பாயின்ட் என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து காட்டும் ஒரே ஜன்னல்.

சாவியைப் போட்டு, விளக்குகளை அணைத்து, பிரேக் பெடலைத் தொடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் போகும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் கரண்ட் அறுபடும், முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் கணத்தில்தான் பிளக்கில் பொறி. முள் இப்படிச் சாய்ந்து நிமிர்ந்தால் பேட்டரி, சாவி, வயரிங், பாயின்ட் வரைக்கும் கரண்ட் ஒழுங்காகப் போய் வருகிறது. எத்தனை முறை அழுத்தினாலும் முள் பூஜ்யத்திலேயே நின்றால் காயிலுக்குக் கரண்டே போகவில்லை: ஃபியூஸ், சாவி, கழன்ற வயர், அல்லது அழுக்கேறிய பாயின்ட். மைனஸ் பக்கமே ஒட்டிக்கொண்டால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது பாயின்ட் வயர் எங்கோ உடம்பைத் தொட்டு எர்த் ஆகிறது, அல்லது பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சர் உள்ளே ஷார்ட். இவ்வளவும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் தெரிந்துகொண்டது. ஆம்ப் மீட்டரின் பின்னால் இருக்கும் இரண்டு நட்டையும் வருஷம் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது. வண்டியின் கரண்ட் எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. அங்கே லூஸ் ஆனால் ஹாரன், விளக்கு, எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

ஸ்டார்ட் செய்யும் முறையும் இந்த முள்ளை வைத்துத்தான். கிக்கரை அழுத்திக் கம்ப்ரஷன் முட்டும் இடத்துக்குக் கொண்டு வந்து, டிகம்ப்ரசரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நகர்த்தி, முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் முழு வீச்சில் ஒரு கிக். இதற்குப் பலம் அதிகம் தேவையில்லை. எடை குறைந்தவர்கள் ஒரே கிக்கில் ஸ்டார்ட் செய்வதையும், ஆஜானுபாகுவாக இருப்பவர்கள் வேர்த்து வழிய நிற்பதையும் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியை ஆன் செய்தே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதற்கும் காரணம் அந்த முள்தான். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியே கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சுடும், பேட்டரி இறங்கும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கோளாறுக்கு வரலாம். காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும், பதினைந்து இருபது கிலோமீட்டரில் இருமிவிட்டு நிற்கும். டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும். பழைய வண்டிக்காரர்களை அதிகம் அலையவிடுவது இதுதான். இதற்கு நாலு காரணம் இருக்கலாம், நாலும் ஒரே மாதிரி நடிக்கும். பிடிக்க வேண்டுமென்றால் வண்டி நின்ற அடுத்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் தடயம் போச்சு.

நின்றவுடன் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் ஆள் அகப்பட்டுவிட்டார். மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. துருவோ, மெருகேற்றிய பாலிஷோ அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கடைசியில் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். நிறுத்தி வைத்தால் எப்படியாவது காற்று கசிந்து சேரும், வண்டி ஓடும். ஒரு ஊசி போதும் இதற்கு. இந்தத் துளைக்காக இரண்டு முறை கார்புரேட்டர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

சத்தம் வரவில்லையா, கிக்கரை அழுத்திக் கம்ப்ரஷனைப் பாருங்கள். குளிரில் இருந்த கம்ப்ரஷன் சூட்டில் காணவில்லை என்றால் டேப்பட் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது, டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள புஷ் ராட் கம்பியை விரலால் உருட்டினால் தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக இதை இறுக்கிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். டேப்பட் லேசாகப் பேசினால் தொந்தரவு இல்லை. பேசாத டேப்பட்தான் எக்ஸாஸ்ட் வால்வை எரிக்கும்.

கம்ப்ரஷனும் இருந்தால் உடனே பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். சுடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். நீலப் பொறி வந்தால் திரும்பவும் பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சள் அல்லது ஒன்றுமே இல்லை என்றால் மிச்சம் இருப்பது இரண்டே பேர்: கண்டன்சர், காயில். இரண்டும் சூட்டில் மட்டும் கெட்டு, ஆறினால் நல்ல பிள்ளையாகிவிடுபவை. கண்டன்சர் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய தகட்டுக்கு நடுவில் உள்ள காப்பு சூடேறும்போது விட்டுக்கொடுக்கும். கடையில் மீட்டர் வைத்துச் சோதித்தால் நன்றாகத்தான் காட்டும், ஏனென்றால் அங்கே அது குளிர்ந்திருக்கிறது.

இதற்குப் பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு. பாயின்ட் மூடியைத் திறந்து, கிக்கரை மெதுவாக அழுத்தும்போது பாயின்ட் முனையைக் கவனிப்பார்கள். அங்கே கண்ணைப் பறிக்கிற மாதிரி மஞ்சளாகப் பொறி பறந்தால் கண்டன்சர் வேலை செய்யவில்லை. பாயின்ட் பிரியும்போது அங்கே பொறி பறக்காமல் அந்தக் கரண்டை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. உறுதி செய்ய, பழைய கண்டன்சரின் வயரைப் பிரித்துவிட்டு, கையில் இருக்கும் இன்னொரு கண்டன்சரை இரண்டு முதலைக் கிளிப்பால் வெளியிலேயே தொங்கவிட வேண்டும்: ஒரு பக்கம் பாயின்ட் வயர், மறு பக்கம் எஞ்சின் உடம்பு. பிளக் பொறி நீலமாகிவிட்டால் கதை முடிந்தது, அப்படியே டேப் சுற்றி வீடு வரைக்கும் ஓட்டலாம். மாறவில்லை என்றால் காயில். அதைத் தொட்டுப் பார்த்தாலே பல சமயம் தெரியும், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

கண்டன்சர் நாளுக்கு நாள் பழுதாகிக்கொண்டு வந்திருந்தால் பாயின்ட் முகத்தில் அடையாளம் விட்டிருக்கும். ஒரு பக்கம் குழி, எதிர்ப் பக்கம் மேடு. உலோகம் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, பிறகு சுத்தமான காகிதத் துண்டை நடுவில் விட்டு இழுக்க வேண்டும், உப்புத்தாளின் மணல்துகள் உள்ளே தங்கக் கூடாது. பாயின்ட் முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. இது ஃபில்லர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டிய அளவு. ஹேக்ஸா பிளேடைச் சொருகிப் பார்ப்பது வழக்கம்தான், ஆனால் பிளேடு அதைவிடத் தடிமன். கேம் மேல் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேயக் கேப் குறையும், கேப் குறைந்தால் டைமிங் பின்னுக்குப் போகும், இழுவை போகும், எஞ்சின் சுடும். கேமில் ஒரு துளி கிரீஸ் வைத்தால் இந்தத் தேய்மானம் குறையும். அதிகம் வைத்தால் கிரீஸ் பாயின்ட்டுக்குப் போய் வேறு கோளாறு.

கேப்பை மாற்றினால் டைமிங்கும் கூடவே மாறும் என்பதால் முதலில் கேப், அப்புறம்தான் டைமிங். இந்த எஞ்சினுக்கு, வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் விரியாத நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் கணத்தைப் பிடிக்க சிகரெட் பேப்பர் வைத்து இழுப்பார்கள், பல்ப் மாட்டிப் பார்ப்பார்கள். ஆம்ப் மீட்டர் முள்ளே காட்டும் என்பதை மேலே பார்த்தோம். டைமிங் அதிகம் முன்னால் இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அது வேடிக்கை இல்லை, கணுக்கால் உடையும். டைமிங் சரியாக இருந்தும் கிக்கர் அடிக்கிறதென்றால் பாயின்ட் தட்டுக்கு அடியில் உள்ள அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து விரிந்தே நிற்கின்றனவா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் விடுவதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் பிறகுதான் கார்புரேட்டர். பிற்கால 350-களில் இருப்பது ஜப்பானின் மைக்குனி நுட்பத்தில் இங்கேயே செய்த மிக்கார்ப், எளிமையான பொருள். எந்தத் திறப்பில் கோளாறு வருகிறது என்று கவனித்தால் இடம் தெரிந்துவிடும். ஐடிலிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் என்றால் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், பாதித் திறப்பில் நீடில், முழுத் திறப்பில் மெயின் ஜெட். தடுமாறும்போது சோக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். தேறினால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வந்து தொடங்கினால் அந்தப் பக்கத்தில்தான் சரியான இடம் இருக்கும். ஐடிலிங் ஏறி இறங்கி ஊசலாடுகிறதா, கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் துரு நீக்கும் ஸ்பிரேயை லேசாக அடித்தால் எஞ்சின் சத்தம் மாறும். பிளக் முகம் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். கரி பூசினாற்போல் இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் சுட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த வெள்ளைப் பிளக் இப்போது அதிகம் கண்ணில் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுக்க அந்த அளவே வழக்கமாகிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். ஆகவே பழைய பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டுத் துளையிட்ட ஜெட் வழியே இது போகும்போது கலவை மெலிந்துவிடுகிறது. பெட்ரோலைப் பீய்ச்சித் தெளிக்கும் (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) புதிய வண்டிகளில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, நாம்தான் பார்க்க வேண்டும். நீடில் கிளிப்பை ஒரு படி இறக்கி நீடிலை உயர்த்துவது, தேவைப்பட்டால் ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட். பிளக் நிறம் வெள்ளை என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள், எவரோ சொன்னார் என்பதற்காக வேண்டாம்.

எத்தனாலின் இன்னொரு குணம் தண்ணீரை இழுப்பது. தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிதாக ஒன்றுமில்லை. மழைக்காலம் முழுக்க மூடி வைத்திருந்து பொங்கலுக்கு எடுக்கும் வண்டிக்குத்தான் பாடு. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் டேப் இருப்பதும் அங்கேதான். டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் ஹோஸ் ஊறி உப்பும், ஃபுளோட் ஊசியின் ரப்பர் முனை ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் ஃபுளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, டேங்கை விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். அல்லது முழுக்கக் காலி செய்துவிடுங்கள். பாதி டேங்க்தான் இருப்பதிலேயே மோசம், மேலே இருக்கும் காற்றில்தான் ஈரம் இருக்கிறது.

நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும்போது வரும் இன்னொரு பீதி புகை. ஸ்டார்ட் ஆனதும் தெருவையே மறைக்கும் அளவுக்கு நீலப்புகை வரும், பிரீதர் பைப்பிலிருந்து எண்ணெய் கொட்டும். ரிங் போய்விட்டது, போர் அடிக்க (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அவசரப்படாதீர்கள். இந்த எஞ்சினில் ஆயில் டேங்கும் கிராங்க் அறையும் ஒரே கேசிங்குக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. வாரக்கணக்கில் நின்றால் டேங்கில் இருக்கும் எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறையில் சேர்ந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் அது எரிந்து புகைகிறது, சில நிமிஷத்தில் பம்ப் அதை டேங்குக்குத் திருப்பி அனுப்பியதும் புகை நின்றுவிடும். இதில் பெரிய கண்ணி வேறொன்று: நிறுத்தி வைத்த வண்டியில் டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் எண்ணெய் குறைவாகக் காட்டும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றினால் ஓடத் தொடங்கியதும் கண்ட இடத்திலெல்லாம் எண்ணெய் அடிக்கும். சில நிமிஷம் ஓடவிட்டு அளப்பதுதான் முறை. புகை நிற்கவே இல்லை என்றால் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கும் போரும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கி, மறுபடி திறக்கும்போது குப்பென்று வந்தால் வால்வு கைடு.

ஆயில் மாற்றும்போது ஃபில்டர் அறை காலியாகிவிடும். அது நிரம்பிய பிறகுதான் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் பேரிங்) எண்ணெய் போகும். புது ஃபில்டர் போட்டதும் உதைத்து முறுக்கிப் பார்ப்பது பிக் எண்டுக்குச் செய்யும் துரோகம். டிகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு, சாவி ஆஃபில், கிக்கரை நிதானமாக இருபது முப்பது முறை அழுத்தி, பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட வேண்டும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். கிளட்ச் வழுக்கினால் பிளேட் வாங்கும் முன் கேபிளில் தளர்வு இருக்கிறதா பாருங்கள். கியர் நடுவில் மாட்டினால் ஆல்பியன் கியர் பெட்டியின் குணம் என்று விட்டுவிடாமல் அதன் அட்ஜஸ்ட்மென்ட் தட்டை ஒருமுறை சரிசெய்து பாருங்கள். பேட்டரியைப் பொறுத்தவரை, 12 வோல்ட் வண்டியில் நிறுத்திய நிலையில் 12.6 வோல்ட் அளவிலும் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது 14 வோல்ட் பக்கத்திலும் மீட்டர் காட்ட வேண்டும். பழைய பிரேக் ஷூ தூசியை வாயால் ஊதவே ஊதாதீர்கள், அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உதிரி வாங்கும் விஷயம்தான் இன்று பெரிய தலைவலி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். பெட்டியும் ஸ்டிக்கரும் அசலாக இருந்து உள்ளே இருக்கும் பாயின்ட் இரண்டே மாதத்தில் குதிகால் தேய்கிற அனுபவம் பலருக்கும் உண்டு. என் பழக்கம், புதிதைப் போட்ட பின்னும் கழற்றிய பாயின்ட்டையும் கண்டன்சரையும் தூக்கி எறியாமல் டூல் பாக்ஸில் வைத்துக்கொள்வது. கழற்றும்போது ஓடிக்கொண்டிருந்த பழைய பாகத்தை, இன்னும் ஓடிக் காட்டாத புதுப் பாகத்தைவிட நம்பலாம்.

வீட்டில் தொடக் கூடாதவையும் இருக்கின்றன. பிக் எண்ட் மாற்றக் கிராங்கைப் பிரித்து, அழுத்தி, நேர் பார்க்க வேண்டும். அதற்கு பிரஸ்ஸும் டயல் கேஜும் வேண்டும். போர் அடிப்பது லேத்காரர் வேலை. அங்கே நம் பங்கு ஒன்றுதான்: சிலிண்டரை மட்டும் கொடுத்து 'இருபது சைஸ் அடிச்சு வையுங்க அண்ணே' என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. முதலில் பிஸ்டனையும் ரிங்கையும் வாங்கி, சிலிண்டரோடு சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டும். ஒரே சைஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு பிஸ்டன் ஒரே அளவாக இருப்பதில்லை. அந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்றபடிதான் போர் அடித்து ஹோனிங் செய்ய வேண்டும். வாங்கி வந்ததும் ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைக்கும் நடுவில் ஃபில்லர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டிருந்தால் சூட்டில் ரிங் விரிய இடமிருக்காது. அப்படியே மாட்டாமல் லேத்துக்கே திருப்பி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.